ஐ7 இருக்கட்டும் தம்பி, மூடியைத் திற

போன வாரம் ஒரு கடைக்காரத் தம்பி நல்லாக் கடுப்பேத்திட்டாப்ல. எங்கயாவது கொட்டணும். இங்க கொட்டறேன்.

விஷயம் இதுதான். தங்கச்சி பொண்ணு இந்த வருஷம் பி.காம். சி.ஏ. சேந்திருக்கா. காலேஜ் கோயம்புத்தூர்ல, வீடு பொள்ளாச்சியில. தினமும் பஸ்ல உக்கடம் வந்து, அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ் புடிக்கணும். "மச்சான், நீங்கதான் கம்ப்யூட்டர்லயே கெடக்கறீங்களே, பொண்ணுக்கு ஒரு நல்ல லேப்டாப்பாப் பாத்துக் குடுங்க"ன்னு மாப்ள சொல்லிட்டாரு.

(கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவனுக்கு சொந்தபந்தத்துல என்னென்ன டூட்டி உண்டுன்னு உங்களுக்கே தெரியும். பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிட்டாலும் நாமதான். அத்தையோட வாட்ஸப் காணாமப் போனாலும் நாமதான்.)

கடைக்குள்ள போனோம். பொண்ணு, அவ அம்மா, அப்பா, நான். தம்பி நேரா அப்பாவைப் பாத்து, "பட்ஜெட் எவ்வளவு சார்?"ன்னாப்ல. மாப்ள ஒரு நம்பர் சொன்னாரு. அடுத்த நொடி, "அப்ப ஐ7 போயிருங்க சார். பறக்கும்!"

எடுத்து வெச்சது ஒரு கேமிங் லேப்டாப். கீபோர்டுல செவப்பு, பச்சை, நீலம்னு மாரியம்மன் கோயில் சீரியல் செட் மாதிரி லைட் ஓடுது. எடை ரெண்டேகால் கிலோவுக்கு மேல. சார்ஜர் தனியா அரைக் கிலோ. இது பி.காம். படிக்கிற பொண்ணுக்கு. பொள்ளாச்சி பஸ்ல. பாதி நாள் நின்னுக்கிட்டு.

என்ன படிக்கறா, எதுல போறா, எங்க உக்காந்து எழுதுவான்னு ஒத்தக் கேள்வி கேக்கல. அவ பக்கம் திரும்பக்கூட இல்ல.

சரி, கடுப்பு போதும். உருப்படியா ஏதாவது சொல்றேன்.

லேப்டாப் வாங்கறதுல எனக்கு ஒரே ஒரு கணக்குதான். பின்னாடி மாத்த முடியாததுக்கு இப்ப காசு போடு. பின்னாடி மாத்திக்கலாம்ங்கறதுல இப்ப மிச்சம் புடி.

அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதுக்கு விளக்கவுரை.

வாங்கினதுக்கப்புறம் எதையெல்லாம் மாத்த முடியாது? ப்ராசஸர். ஸ்க்ரீன். கீபோர்டு. எடை. மூடியோட கீல். போர்டுலயே ஒட்டி வர்ற ரேம். (ஸ்க்ரீனையும் கீபோர்டையும் ஒடைஞ்சா மாத்தலாம். ஆனா மங்கலா இருக்கற ஸ்க்ரீனை "பிடிக்கல"ன்னு யாரும் மாத்தறதில்ல.)

எதையெல்லாம் மாத்தலாம்? எஸ்எஸ்டி, பேட்டரி, ஸ்லாட்ல மாட்டற ரேம். மவுஸ், பை எல்லாம் சொல்லவே வேண்டாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, கடையில கூவி விக்கறது ப்ராசஸர் பேரையும் எத்தனை ஜிபிங்கறதையும். ஸ்க்ரீன், கீபோர்டு, கீல் பத்தி யாரும் வாயே தொறக்க மாட்டாங்க.

முதல்ல அந்த ஐ7 புராணம்

நம்ம ஊர்ல ஐ3ன்னா ஏழைக்கு, ஐ5ன்னா நடுத்தரத்துக்கு, ஐ7ன்னா பணக்காரனுக்குன்னு ஒரு எண்ணம் ஊறிப் போச்சு.

ஒரு உதாரணம் பாருங்க. 2016-ல வந்த ஐ7-7500யு. அதுல இருக்கறது 2 கோர். 2022-ல வந்த ஐ3-1215யு. அதுல 6 கோர். ஸ்டிக்கரை மட்டும் பாத்தா முதல் ஆளு பெரியவரு. வேலை வாங்கிப் பாத்தா ரெண்டாவது ஆளு அவரைத் தூக்கிச் சாப்டுருவாரு.

அதனால ஐக்குப் பக்கத்துல இருக்கற நம்பரோட நிறுத்தாதீங்க. அதுக்குப் பின்னாடி வர்ற நீட்டு நம்பரைப் படிங்க. அது தலைமுறையைச் சொல்லும். கடைசி எழுத்தையும் பாருங்க. யுன்னா கரண்ட்டு கம்மியா குடிக்கிற வகை, பேட்டரி நிக்கும். எச்ன்னா வேகம் கூட, சூடும் கூட, ஃபேன் சத்தமும் கூட.

ஏஎம்டி பக்கம் இன்னொரு கூத்து. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. ரெண்டு பெட்டியும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஆனா அந்த வரிசையில மூணாவது இலக்கம்தான் உள்ள இருக்கற டிசைன் எந்தக் காலத்துதுன்னு சொல்றது. 2ன்னா ஜென் 2, அது 2019 டிசைன். 3ன்னா ஜென் 3, 2020. முதல்ல சொன்னதுல 4 கோர், அடுத்ததுல 6 கோர். ரெண்டுக்கும் அதே "ரைசன் 5" ஸ்டிக்கர்தான்!

தம்பிகிட்ட கேட்டேன், "இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" "அது லேட்டஸ்ட் சார்"ன்னாப்ல. எதைக் காட்டிச் சொன்னாப்லன்னு எனக்கு இன்னும் தெரியல.

எக்செல், டேலி, பிபிடி, கொஞ்சம் பைத்தான், நிறைய யூடியூப். இதுக்கு ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வந்த ஐ3, ரைசன் 5 தாராளம். இஞ்சினியரிங்ல கேட், 3டி வரைபடம், மெஷின் லேர்னிங்னு போறவங்க கதை வேற. அவங்களுக்கு கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படலாம். அதுவும் எந்த சாஃப்ட்வேர்னு டிபார்ட்மென்ட்ல கேட்டுக்கிட்டுதான் வாங்கணும்.

ரேம்: சிப்ஸ் இருக்கான்னு பாருங்க

8 ஜிபி போதுமான்னு கேட்டா, இன்னிக்குப் போதும். விண்டோஸ் 11 எந்திரிச்சு உக்காரவே மூணு நாலு ஜிபியைத் தின்னுட்டுதான் உக்காரும். அதுக்கு மேல க்ரோம்ல இருவது டேப், ஒரு எக்செல், ஒரு ஆன்லைன் கிளாஸ். மூணாவது வருஷம் புராஜெக்ட் நேரத்துல மூச்சு முட்டும். 16 இருந்தா நிம்மதி.

"இப்ப 8 வாங்கிக்கலாம், அப்புறம் சேத்துக்கலாம்"னு சொல்வாங்க. நல்ல யோசனைதான், ஸ்லாட் இருந்தா! மெலிசா வர்ற பல மாடல்ல ரேமை போர்டுலயே ஒட்டிடறாங்க. தலைகீழா நின்னாலும் சேக்க முடியாது. நான் மேல சொன்ன 7520யு வகையறாவெல்லாம் ஒட்டின ரேம்தான்.

கடையிலயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. டிஸ்ப்ளேல இருக்கற மெஷின்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் தொறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி. கீழ "ஃபார்ம் ஃபேக்டர்"னு ஒரு வரி இருக்கும். "சோடிம்"னு இருந்தா மாட்டறது. "ரோ ஆஃப் சிப்ஸ்"னு இருந்தா ஒட்டினது.

தங்கச்சி பொண்ணு அதைப் படிச்சுட்டு, "மாமா, இதுல சிப்ஸ் இருக்கு!"ன்னு சத்தமா சொன்னா. கடையே திரும்பிப் பாத்துச்சு.

இன்னொண்ணு. 2025 கடைசியில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிக் கிடக்கு. ஏஐக்காகக் கட்டற டேட்டா சென்டருங்க மெமரியை அள்ளிக்கிட்டுப் போறதால நமக்கு வர்றது கொறைஞ்சு போச்சு. அதனால "அப்புறம் ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுக்கலாம்"ங்கற பழைய கணக்கு இப்ப செல்லாது. ஸ்லாட் இருந்தாலும், 8க்கும் 16க்கும் கடையில என்ன வித்தியாசம், தனியா வாங்கினா என்ன விலைன்னு ரெண்டையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

இப்பதான் மெயின் படம்: ஸ்க்ரீனும் கீபோர்டும்

கடையில ஸ்க்ரீனைக் காட்ட ஒரு வீடியோ போட்டு வெச்சிருப்பாங்க. கிளி பறக்கும், தேன் சொட்டும். அதைப் பாத்து ஏமாறாதீங்க. அந்த வீடியோ எதுல போட்டாலும் அழகாத்தான் இருக்கும்.

நான் அதை மூடிட்டு ஒரு காலி எக்செல்லைத் தொறந்தேன். பொண்ணு நாள் பூரா பாக்கப் போறது கிளியை இல்லயே.

மூடியைக் கொஞ்சம் பின்னாடி சாச்சுப் பாருங்க. வெள்ளை மஞ்சளாகி, எழுத்து வெளிறிப் போச்சுன்னா அது டிஎன் பேனலா இருக்கும். வேண்டாம்னு வெச்சிருங்க. ஐபிஎஸ் பேனல்ல எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் எழுத்து எழுத்தாத்தான் இருக்கும். 1920க்கு 1080க்குக் கீழ தொடவே தொடாதீங்க. 1366க்கு 768னு இன்னும் சில பெட்டி மேல எழுதி விக்கறாங்க. அதுல எக்செல் தொறந்தா ரிப்பனுக்கே பாதி ஸ்க்ரீன் போயிரும்.

முடிஞ்சா 1920க்கு 1200 பாருங்க. உயரம் கொஞ்சம் ஜாஸ்தி. எக்செல்ல அஞ்சாறு வரி கூடத் தெரியும். கேக்க அல்பமா இருக்கும். பேலன்ஸ் ஷீட் போடறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அந்த அஞ்சாறு வரியோட அருமை தெரியும்.

வெளிச்சத்தை நிட்ஸ்னு ஒரு கணக்குல சொல்வாங்க. விலை கம்மியான மெஷின்லயெல்லாம் 250 நிட்ஸ். ஏசி ரூமுக்கு ஓகே. கிளாஸ்ரூம்ல ஜன்னலோரமா உக்காந்தா உங்க மொகம்தான் அதுல தெரியும். 300, அதுக்கு மேல இருந்தா நல்லது.

அடுத்து கீபோர்டு. பொண்ணை உக்கார வெச்சு, "உன் பேரு, அட்ரஸ், ஒரு பக்கத்துக்கு ஏதாவது டைப் பண்ணு"ன்னேன். தம்பி மொகத்துல ஈயாடல. மாப்ளைக்கும் கொஞ்சம் சங்கோஜம். "கடையில உக்காந்து பரீட்சை எழுதறாப்ல இருக்கே மச்சான்"ன்னாரு.

முதல் மெஷின்ல தப்பா அடிச்சதை அழிக்கப் போனா. ஸ்க்ரீன் அணைஞ்சு போச்சு. என்னடான்னு பாத்தா, டெலிட் பட்டனுக்கு ஒட்டின மாதிரி பவர் பட்டன்! பல மாடல்ல இப்ப அங்கதான் வெக்கறாங்க. (செட்டிங்ஸ்ல போயி அதை அமுக்கினா ஒண்ணும் ஆகாத மாதிரி மாத்திக்கலாம். ஆனா இதை வடிவமைச்சவரு ஒரு நாளும் அவசரத்துல டெலிட் அமுக்கினதே இல்ல போல.)

நம்பர் பேடு பத்தி வீட்டுலயே ஒரு பட்டிமன்றம் நடந்துச்சு. டேலி, எக்செல்லுக்கு வலது பக்கம் நம்பர் பேடு இருந்தா கை பறக்கும். அது இருக்கறது பெரும்பாலும் 15.6 இன்ச்ல. 14 இன்ச்ல கிடையாது. ஆனா 14 இன்ச்சு எடை ஒண்ணரைக் கிலோவுக்குள்ள முடிஞ்சுரும்.

இங்கதான் நம்ம கணக்கு உதவுச்சு. எடையைப் பின்னாடி மாத்த முடியாது. நம்பர் பேடை மாத்தலாம். யுஎஸ்பில சொருகற நம்பர் பேடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. வீட்டு மேசையில வெச்சுக்கிட்டா முடிஞ்சுது. பஸ்ல யாரும் வவுச்சர் என்ட்ரி போடப் போறதில்ல.

14 இன்ச்சுன்னு முடிவாச்சு.

கீல்: யாருமே பாக்காத இடம்

தலைப்புல சொன்ன விஷயம். மூடியைத் தொறங்க.

ஒரு விரலால நடுவுல புடிச்சுத் தூக்குங்க. அடிப்பாகமும் சேந்து எந்திரிக்குதா? பரவால்ல. ஆனா மூடி ஆடுதா, கிரீச்சுன்னு சத்தம் வருதா, பிளாஸ்டிக் வளையுதான்னு கவனிங்க. விலை கம்மி மெஷின்ல கீலோட திருகெல்லாம் பிளாஸ்டிக்ல பதிச்ச சின்னச் சின்னப் பித்தளைக் குமிழ்லதான் நிக்கும். தினமும் நாலு தடவை மூலையைப் புடிச்சுத் தொறந்து மூடினா, ஒரு நாள் அந்தக் குமிழ் பேந்துக்கிட்டு வந்துரும். அப்புறம் மூடியே வாயைப் பொளந்துக்கும். ரிப்பேர் கடைக்கு வர்ற காலேஜ் பசங்க லேப்டாப்புல இது ஒரு பெரிய பங்குன்னு எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வாரு.

அதனால நடுவுல புடிச்சுத் தொறக்கணும். மூலையைப் புடிச்சு இல்ல. பொண்ணுகிட்ட இதைச் சொன்னப்ப, "சரி மாமா"ன்னு தலையாட்டிட்டு மூலையைப் புடிச்சு மூடினா.

பேட்டரி

பெட்டி மேல "12 மணி நேரம்"னு போட்டிருக்கும். அது வெளிச்சத்தைக் கொறைச்சு வெச்சு, ஒரே வீடியோவை ஓட விட்டு எடுத்த கணக்கா இருக்கும். நீங்க வாட்-ஹவர் எவ்வளவுன்னு பாருங்க. 42 வாட்-ஹவர்னு வெச்சுக்கங்க. லேசான வேலைக்கு மெஷின் 7, 8 வாட் இழுத்தா அஞ்சு, ஆறு மணி நேரம் வரும். ஒரு நாள் கிளாஸுக்குப் போதும். பழசாகப் பழசாகக் கொறையும்.

பேட்டரி மாத்திக்கக் கூடிய சமாசாரம்தான். அதனால இதுக்காக ரொம்ப மண்டையை ஒடைக்க வேண்டாம். 80 சதவீதத்தோட சார்ஜை நிறுத்தற வசதி இப்ப நிறைய மெஷின்ல இருக்கு, அதைப் போட்டு விடுங்க, ரொம்ப நாள் உழைக்கும். டைப்-சி வழியா சார்ஜ் ஏறுதான்னு மட்டும் கேளுங்க. சார்ஜரை வீட்டுல மறந்துட்டு வந்தா பக்கத்து பெஞ்சுக்காரி சார்ஜர் காப்பாத்தும்.

36 ஜிபி எங்க போச்சு?

512 ஜிபி எஸ்எஸ்டின்னு வாங்கிட்டு வந்து பாத்தா 476தான் காட்டும். மாப்ள ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி, "மச்சான், கடைக்காரன் 36 ஜிபியை அமுக்கிட்டான்"ன்னாரு.

அமுக்கல. தயாரிக்கறவங்களுக்கு ஒரு ஜிபின்னா 100 கோடி பைட். விண்டோஸுக்கு 107 கோடி சொச்சம். அதே சரக்கு, படி வேற. இந்த ஒரு விஷயத்துல தம்பி நிரபராதி.

ஓசில கெடைக்கறதும் பழசும்

2011-ல அரசு ப்ளஸ் டூ, காலேஜ் பசங்களுக்கு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்ப, எத்தனையோ வீட்டுக்குள்ள முதல்முதலா நுழைஞ்ச கம்ப்யூட்டர் அதுதான். இன்னமும் சில வீட்டுப் பரண்ல தூங்கிட்டிருக்கும். 2025-26 பட்ஜெட்ல, 2 வருஷத்துல 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்கு லேப்டாப் இல்லன்னா டேப்லெட்னு மறுபடியும் அறிவிச்சாங்க. உங்க புள்ள அரசு காலேஜ்ல படிச்சா, வருதா இல்லயான்னு முதல்ல விசாரிங்க. வந்துச்சுன்னா கவுரவம் பாக்காம அதையே வெச்சுப் படிக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுப் பொண்ணு படிக்கறது சுயநிதிக் காலேஜ், அதனால அந்தப் பேச்சே எழல.

செகண்ட் ஹேண்ட் வாங்கறது கேவலமில்ல. ஆனா ஒண்ணு. விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திருச்சு. அதுக்கப்புறம் ஆபீஸ்கள்ல இருந்து கழிச்சுக் கட்டின ஐ5, ஐ7 எல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துருச்சு. இன்டெல்ல எட்டாவது தலைமுறைக்கு முந்தினது பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியல்லயே இல்ல. "ஐ5 வெறும் பதினஞ்சாயிரம்"னு யாராவது சொன்னா, எத்தனாவது தலைமுறைன்னு கேளுங்க. சட்டுன்னு பேச்சு மாறுதான்னு பாருங்க.

மேக் கேட்டாளா?

கேட்டா. கேக்காம இருப்பாளா!

நல்ல மெஷின், மறுப்பில்ல. 2025 மார்ச்ல வந்த எம்4 ஏர் 16 ஜிபியோட 99,900ன்னு இங்க ஆரம்பிச்சுது. பேட்டரி, ஸ்க்ரீன், எடை, எல்லாத்துலயும் நம்ம கணக்குல பாஸ். ஆனா டேலி பிரைம் விண்டோஸ்ல ஓடறதுக்குன்னு செஞ்சது. பி.காம். சி.ஏ.வுக்கு அது சோறு மாதிரி. அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

(டேலில ஒரு தமாஷ் இருக்கு. காசு குடுக்காம எஜுகேஷன் மோட்ல ஓட்டினா மாசத்துல 1, 2, 31 தேதிக்கு மட்டும்தான் வவுச்சர் போட முடியும். 1-ந் தேதி சம்பளம், 2-ந் தேதி காலி, அப்புறம் 31 வரைக்கும் காத்திருப்பு. நம்ம வாழ்க்கையைத் தெரிஞ்ச யாரோதான் செஞ்சிருக்கணும்.)

எப்ப வாங்கறது

அட்மிஷன் கெடைச்ச அன்னிக்கே ஓடாதீங்க. காலேஜ் தொறந்து ஒரு மாசம் ஆகட்டும். எந்த சாஃப்ட்வேர் வேணும், லேப்ல மெஷின் இருக்கா, கிளாஸுக்குக் கொண்டு போக விடறாங்களா, இதெல்லாம் அப்பதான் தெரியும். சில காலேஜ்ல முதல் செமஸ்டர்ல லேப்டாப்பைத் தொடவே வேலை இருக்காது. அதுக்குள்ள வாரன்டியில பாதி ஓடிப் போயிருக்கும்.

நோ காஸ்ட் இஎம்ஐன்னு சொல்வாங்க. வட்டியைத் தள்ளுபடியாக் குடுத்தாலும், அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீஸ்னு பேங்க் தனியா எடுக்கும். மொத்தமா எவ்வளவு போகுதுன்னு பேப்பர்ல கூட்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கூடவே வர்ற எம்எஸ் ஆபீஸை பொண்ணோட சொந்த மெயில் ஐடியில ஆக்டிவேட் பண்ணுங்க. கடைக்காரத் தம்பி "நானே போட்டுத் தர்றேன் சார்"னு ஏதோ ஒரு ஐடியில போட வருவாப்ல. விடாதீங்க. அந்த லைசென்ஸ் எந்தக் கணக்குல ஏறுதோ அங்கயே ஒட்டிக்கும்.

கடைசியா என்ன வாங்கினோம்னு கேப்பீங்க. 14 இன்ச், ஐபிஎஸ், 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, யு வகை ப்ராசஸர். மாடல் பேரு சொல்ல மாட்டேன். நீங்க படிக்கறப்ப அந்த மாடலே இருக்காது, கணக்கு மட்டும் இருக்கும். அந்தக் கேமிங் மெஷினை விட விலை நல்லாவே கம்மி. மிச்சக் காசுல நல்ல பை, நம்பர் பேடு, ஒரு மவுஸ். கலரை அவளே எடுத்தா. சாம்பல். அம்மாவுக்குப் பிடிக்கல. நான் வாயைத் தொறக்கல.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. பில்லைக் கையில வாங்கின உடனே போட்டோ எடுத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வைங்க. அந்த வழவழ பேப்பர்ல அடிக்கிற எழுத்து ஒரு வருஷம்கூட நிக்காது. சர்வீஸ் சென்டர்ல போயி வெள்ளைப் பேப்பரைக் காட்டி, "இதுதாங்க பில்லு"ன்னா யாரும் நம்ப மாட்டாங்க.